இரண்டாவது இலை

கிட்ட வந்து உட்காருங்கள். இன்னும் கொஞ்சம். முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கதைக்கு அது நல்லது.

கார்மேகம் என்று ஒருவர். சரித்திரப் புத்தகம் எழுதுகிறவர். ஊர் ஊராய்ப் போய்க் கல்லைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்து எழுதுவார், எழுதினதை மேடையில் பேசுவார். எழுத்தைவிடப் பேச்சுதான் அவருக்கு வரம். கல்லூரியோ, கோயில் திருவிழாவோ, மைக்கைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், அழுத பிள்ளையும் வாய் மூடிக் கேட்கும்.

அவருக்குக் கல்லெழுத்துப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் சம்பூரணம் டீச்சர். வயசில் கார்மேகத்தைவிடச் சின்னவர்தான். ஆனாலும் குரு குருதானே. டீச்சருக்கு மேடை அவ்வளவாகப் பிடிக்காது. கூப்பிட்டால் போவார், கல்லில் இருக்கிறதைச் சொல்வார். எழுத்து சிதைந்த இடம் வந்தால் வாயை மூடிக்கொண்டு சும்மா நிற்பார். கூட்டம் நெளியும். பிறகு அடுத்த வரிக்குப் போவார். புத்தகத்திலும் அப்படித்தான், அந்த இடத்தில் வெறும் புள்ளிகள்.

"புள்ளியைக் கேக்கவா டீச்சர் ஜனங்க பஸ் பிடிச்சு வர்றாங்க?" என்று கார்மேகம் கிண்டல் பண்ணுவார்.

டீச்சர் சிரித்துவிட்டுக் காபி போடப் போய்விடுவார்.

கருங்காலிப்பாடி ஏரிக்கரையில் ஒரு நடுகல். மாட்டை ஓட்டிக்கொண்டு போனவர்களோடு மல்லுக்கட்டி, மாட்டை மீட்டு, நீலன் செத்தான் என்று அதில் வெட்டியிருந்தது. அதற்குக் கீழே, 'அவன் தோழன்' என்று ஆரம்பித்தது ஒரு வரி. அங்கேயே கல் சில்லாகப் பெயர்ந்து போயிருந்தது.

தோழன் என்ன ஆனான்? கார்மேகத்தால் அந்தப் பள்ளத்தைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு நாள் மேடையில், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தோழன் ஓடினான்! புறமுதுகு காட்டி ஓடினான்! நீலன் தனியாக நின்று செத்தான்!"

கூட்டம் மொத்தமும் "ச்சீ" என்றது. அப்புறம் எழுந்ததே ஒரு கைதட்டல்!

அந்த ருசி விடுமா? போன மேடையிலெல்லாம் தோழனை ஓட வைத்தார். கருங்காலிப்பாடித் திருவிழாவுக்கே போய், அந்த ஜனங்களிடமே சொன்னார். புதுப் புத்தகத்தில் அதற்கென்று ஒரு அத்தியாயமும் எழுதினார். பெயர், 'ஓடியவன்'.

திருவிழாவுக்கு அடுத்த கூட்டத்தில்தான் அந்த ஆள் முதலில் வந்தது.

கடைசி வரிசையில், தலையோடு போர்த்திக்கொண்டு, ஒல்லியாக. எல்லாரும் "ச்சீ" என்றபோது அவர் மட்டும் எழுந்தார். மேடையைப் பார்த்தபடியே, திரும்பாமல், பின்பக்கமாகவே அடி வைத்துக் கதவைத் தாண்டிப் போய்விட்டார்.

"யாருப்பா அது, கடைசி வரிசையில?" என்று கார்மேகம் கேட்டார்.

"கடைசி வரிசையா? அங்க நாற்காலியே போடலியே சார்," என்றான் கூட்டம் ஏற்பாடு செய்தவன்.

அடுத்த ஊரிலும் வந்தார். அதற்கடுத்த ஊரிலும். ஒரு கல்லூரியில், கேள்வி கேட்கிறவர்கள் கேட்கலாம் என்று மைக்கை வரிசையாகக் கொடுத்துக்கொண்டு போனார்கள். மைக் கடைசி வரிசைக்குப் போனதும் ஒலிபெருக்கியில் பேச்சு இல்லை. மாட்டுக் கழுத்து மணி மட்டும், தூரத்தில் எங்கேயோ நடக்கிற மாதிரி, டிங் டிங் என்றது. எல்லாரும் மைக்செட்காரரை முறைத்தார்கள். கார்மேகம் மட்டும் அந்த ஆளைப் பார்த்தார். அவர் முகத்தைத் திருப்பாமல் பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தார்.

அன்றோடு கார்மேகத்துக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. மற்றதெல்லாம் பேச வரும். 'தோழன்' என்று சொன்னதும் குரல் நின்றுபோகும். ஞாயிற்றுக்கிழமை புத்தக வெளியீடு. பெரிய அரங்கம். அங்கே குரல் நின்றால் இத்தனை வருஷத்துப் பேரும் போச்சு.

வெள்ளிக்கிழமை காலையில், அச்சாகி வந்த முதல் பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார்.

"எனக்குப் புத்தி பிசகிப் போச்சா டீச்சர்?"

டீச்சர் வேறொன்று கேட்டார்.

"முதுகைக் காட்டாமலா போறார்?"

"ஒரு தடவைகூடக் காட்டல."

டீச்சர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "வண்டியை எடுங்க."

"எங்க?"

"சாப்பாட்டு நேரத்துக்குள்ள கருங்காலிப்பாடி போயிடணும்."

போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். ஏரியில் தண்ணீர் இல்லை. காக்கைகூட இல்லை. நடுகல்லுக்கு வெள்ளிக்கு வெள்ளி சோறு படைக்கிற மாதம்மா, குனிந்து ஒரு இலையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

கார்மேகத்தைப் பார்த்ததும் அவளுக்கு ஒரே சந்தோஷம். "மைக்குல பேசின சாரு இல்ல? என்னா பேச்சு! அன்னைக்கே நிறுத்திட்டேன் சாரு."

"எதை நிறுத்தினே?"

"ரெண்டாவது இலையை."

கார்மேகத்துக்குப் புரியவில்லை. டீச்சர்தான் கேட்டார். "இங்க ரெண்டு இலையாம்மா போடுவீங்க?"

"எங்க மாமியா போட்டா, அவ மாமியா போட்டா, நானும் போட்டேன். யாருக்குன்னு யாருக்குத் தெரியும்? சாரு வந்து சொன்னப்பறம் இல்ல வெளங்குச்சு. ஓடிப்போனவனுக்கு எதுக்கு சோறு? எங்க ஊட்டுக்காரனுந்தான் ஓடிப்போனான். அவனுக்கு நான் வடிச்சுக் கொட்டறனா?"

அவள் சிரித்தாள். கார்மேகம் சிரிக்கவில்லை. இந்தக் கல்லுக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறார். எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு, சாப்பாட்டு நேரத்துக்கு முன்னாலேயே வண்டி ஏறிவிடுவார்.

ஏரிக்கரைப் பனைமரத்துக்குப் பக்கத்தில் அந்த ஆள் நின்றிருந்தார். அதே போர்வை. மாதம்மா கண்ணுக்கு அவர் தெரிந்ததாகத் தெரியவில்லை.

"டீச்சர்..." என்றார் கார்மேகம், மெதுவாக.

"பனைமரத்துப் பக்கம்தானே?" என்றார் டீச்சர், அந்தப் பக்கம் பார்க்காமலேயே. "சோறு இருக்காம்மா?"

"சோறு இருக்கு. இலை ஒண்ணுதானே எடுத்தாந்தேன்."

"நான் ஊருக்குள்ள போய் ஒண்ணு வாங்கிட்டு வரட்டுமா?" என்றார் கார்மேகம்.

"எதுக்கு? உங்க கையிலதான் இருக்கே."

கார்மேகம் கையைப் பார்த்தார். புதுப் புத்தகம். அச்சு வாசனைகூடப் போகவில்லை.

"முதல் பிரதி டீச்சர்."

டீச்சர் முதல் இலைக்குப் பக்கத்தில் இருந்த வெறும் தரையைக் காட்டினார்.

"பெட்டி பெட்டியா வீட்டுல அடுக்கி வச்சிருக்கேன். எல்லாத்துலயும் இந்த அத்தியாயம் இருக்கு."

"வெள்ளிக்கு வெள்ளி இலை வேணுமில்ல," என்றார் டீச்சர்.

பனைமரத்துக்குப் பக்கத்தில் நின்ற ஆள் இப்போது இன்னும் கிட்ட இருந்தார். நடந்து வந்ததைக் கார்மேகம் பார்க்கவில்லை. போர்வைக்குள்ளே முகம் இருக்க வேண்டிய இடத்தில் கல் பெயர்ந்த மாதிரி ஒரு சொரசொரப்பு.

கார்மேகம் புத்தகத்தைப் பிரித்தார். 'ஓடியவன்' என்ற பக்கத்தில் கை நின்றது. கண்ணில் தண்ணீர். அப்புறம் ஒரு இழுப்பு. தாள் தாளாகக் கிழித்து, ஒன்றின் ஓரத்தில் இன்னொன்றை வைத்து, கல்லுக்கு முன்னால் இலை மாதிரி விரித்தார். காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் கூழாங்கல் வைத்தார். மாதம்மா அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். ஆனாலும் சோற்றை வைத்துக் குழம்பை ஊற்றினாள். எழுத்தெல்லாம் நனைந்து மறைந்தது.

"இனிமே யாரும் பாக்கக் கூடாது," என்றாள் மாதம்மா. "திரும்பி நில்லுங்க." படைத்தால் திரும்பி நிற்பதுதான் அங்கே வழக்கம். சாப்பிடுகிறவர்களுக்குக் கூச்சமாக இருக்கும் இல்லையா.

மூன்று பேரும் காய்ந்த ஏரியைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு பின்னால் தாள் சரசரத்தது. வெகு நாள் பசித்தவர் அள்ளுகிற மாதிரி, அவசரமாக. மாட்டு மணி ஒரு தடவை டிங் என்றது. கார்மேகத்தின் பிடரி மயிர் குத்திட்டு நின்றது. திரும்பிப் பார்க்கக் கழுத்து துடித்தது. டீச்சர் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சர், ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அவர் ஓடினாரா இல்லையா?"

"இப்ப நீங்க கல்லுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறீங்க. கையும் நடுங்குது. இந்த நேரம் பார்த்து ஒருத்தர் அந்த வழியா போனா, உங்களைப் பத்தி மேடையில என்ன சொல்வார்?"

கார்மேகம் யோசித்தார். பின்னால் சத்தம் நின்றுபோயிருந்தது.

"அப்ப அவர் ஓடலைங்கறீங்களா?"

டீச்சர் எதிரே தெரிந்த ஏரியைப் பார்த்தார். எழுத்து சிதைந்த இடம் வந்தால் மேடையில் எப்படி நிற்பாரோ, அப்படியே வாயை மூடிக்கொண்டு நின்றார்.