குதிருக்குள் பிடித்த கிரகணம்

ஆனைமுழிச்சான்பட்டி ஒச்சப்பனுக்கு மாமன் மகள் பூங்கோதை என்றால் உயிர். மாமா மாயழகு கறாராகச் சொல்லிவிட்டார். “அடுத்த கிரகணம் எப்போன்னு கண்டுபிடிச்சுச் சொல்லு, பொண்ணைத் தர்றேன். இல்லேன்னா சித்திரையில பக்கத்தூர்க்காரனுக்குத்தான்.”

பாவி மனுஷன், கேட்டதுதான் கேட்டார், வேறு ஏதாவது கேட்டிருக்கக் கூடாதா?

ஒச்சப்பன் சந்தைக்கு ஓடி வானசாஸ்திரப் புத்தகம் ஒன்று வாங்கி வந்தான். முதல் பக்கத்திலேயே, ‘கற்றதையெல்லாம் மறந்துவிட்டு, தனிமையில் அமர்ந்து படி’ என்று போட்டிருந்தது. தனிமை என்றால் அவனுக்குப் பயம். அதனால் கூட்டாளி சுருளியப்பனையும் சேர்த்துக்கொண்டு, ஆளுயரக் காலி நெற்குதிருக்குள் இறங்கி மூடியை இழுத்து மூடிக்கொண்டான்.

“ஒச்சப்பா, தனியாத்தானே இருக்கே?”

“தனியாத்தான் இருக்கேன். நீ?”

“நானும்தான். பேச்சுத் துணைக்குக்கூட ஆளில்லை.”

கற்றதை மறக்க வேண்டுமே! அகரத்தில் ஆரம்பித்து ஒவ்வோர் எழுத்தாக மறந்தார்கள். பிறகு புத்தகத்தைப் பிரித்தால், கண்ணுக்கு ஓர் எழுத்துகூடத் தட்டுப்படவில்லை.

“சுத்தமா மறந்துட்டோம்டா!” என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

சுருளியப்பன் யோசித்தான். “வெளியில மாடு ஓட்டுறாங்க. அப்போ பகல்தான். பகல்ல ஏன் இவ்வளவு இருட்டு?”

“அடேய், கிரகணம்! மாமா, ஓடி வாங்க! கிரகணம் பிடிச்சிருச்சு!”

மாமா வந்து குதிரின் சுவரைத் தட்டினார். “வெயில் மண்டையைப் பிளக்குதேடா!”

“அங்கே நின்னா எப்படித் தெரியும்? உள்ளே வந்து பாருங்க.”

மாமா இறங்கினார். மூடியை மூடினார்கள். “அட, ஆமாம்டா! முழுக் கிரகணம்! பொண்ணு உனக்குத்தான் மாப்பிள்ளே!” ஒச்சப்பன் சந்தோஷத்தில் தேம்பிவிட்டான்.

கிரகணம் விடும்வரை வெளியே போகக் கூடாது, சாப்பிடவும் கூடாது. மூன்று பேரும் காத்திருந்தார்கள். கிரகணம் விடுகிற வழியாக இல்லை. மறுநாள் பூங்கோதை தேடி வந்து குதிர் சுவரைத் தட்டினாள்.

“அப்பா! சோறு ஆறிப் போகுது. வெயில் சுள்ளுன்னு அடிக்குது, மூணு பேரும் உள்ளே என்ன பண்றீங்க?”

மாமா இருட்டில் தடவித் தடவி ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

“நீ சாஸ்திரம் படிச்சவன் மாப்பிள்ளே. பகலா ராத்திரியான்னுகூடத் தெரியாத இந்தப் பிள்ளையை உன் தலையில கட்ட எனக்கு மனசு வரலை.”