கிட்டாரில் இல்லாத பேட்டரி

அடுத்தவள் எடுத்த புள்ளியை உம்ம பெயரில் பலகையில் எழுதிக்கொண்ட முதலாளியே, உமக்குத்தான் இந்தக் கதை.

உம்ம கேம் சென்டரில் தரை துடைக்கும் பொற்கொடி, கடை திறக்குமுன் பாட்டு கேமின் பட்டன் வைத்த பிளாஸ்டிக் கிட்டாரை வாசித்துச் சரிபார்ப்பவள். பலகையில் இருப்பது தான் எடுத்த புள்ளி என்று கடைக்கு வந்த கூட்டத்தின் முன் சொன்னாள்.

"துடைக்கிறவளுக்குக் கிட்டார் கேமா? இத்தனை பேர் முன்னால என்னைத் தோற்கடி. இல்லேன்னா நாளைக்கு வராதே" என்றீர்.

"நீங்க முதல்ல வாசிங்க, சார்" என்று கேமை ஓடவிட்டுக் கிட்டாரைக் கொடுத்தாள்.

ஆடி ஆடிப் பட்டனை அமுக்கினீர். திரையில் ஒரு தப்பில்லை. கூட்டம் கைதட்டியது.

பொற்கொடி உள்ளங்கையை விரித்தாள். கிட்டாரின் இரண்டு பேட்டரியும் அதில் இருந்தன.

"மெஷின் தானா ஆடிக்காட்டுற டெமோ சார் இது. உங்க கிட்டாருக்கு உயிரே இல்ல."

கூட்டம் சிரித்தது. அவள் வேலை அன்றைக்கே போனது. பலகையில் இன்னும் உம்ம பெயர்தான். அதை அழித்துவிட்டு அவள் பெயரை எழுதும், ஐயா!