இலவசமாகத் தேய்த்த கிலோ

சந்தைக்குப் பேர்போன ஓர் ஊரில், கடைக்காரர்களின் எடைக்கற்களைச் சோதித்து முத்திரை போடும் அரசாங்க அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே ஒரு மரப்பெட்டிக்குள் பித்தளையால் ஆன ஒரு கிலோ மூலக்கல் குடியிருந்தது. ஊரிலுள்ள அத்தனை கடைக்கல்லும் வருஷத்துக்கு ஒருமுறை அதற்கு எதிரே தராசில் ஏறி நிற்க வேண்டும். அது சொன்னதுதான் கிலோ. அதனால் அதற்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் ஆள் கறுத்துப்போயிருந்தது. முறைப்படி சுத்தம் செய்ய ஏற்பாடு செய்யுங்கள் என்று மேலிடத்துக்கு எழுதி எழுதியே ஆய்வாளர் தேவசகாயத்துக்குக் கை ஓய்ந்துவிட்டது.

ஒருநாள் அரிசி மண்டி மகுடபதி வந்தார்.

"இதுக்குப் போய் மேலிடத்தையா பாத்துக்கிட்டு இருக்கீங்க? நம்ம கடை ஆள் மாசாமாசம் வந்து தேய்ச்சுக் குடுப்பான். ஒத்தப் பைசா வேணாம்."

"வெளியாள்கிட்ட இலவசமா வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே" என்று இழுத்தார் தேவசகாயம். நல்ல மனுஷர், யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடிக்காதவர்.

"நீங்க என்ன லஞ்சமா வாங்குறீங்க? சர்க்கார் சொத்துக்கு நான் செய்யுற சேவைங்க இது."

அந்தப் பேச்சில் மனுஷர் விழுந்துவிட்டார்.

பெட்டிதான் மூலக்கல்லிடம் முனகியது. "அவன் கல்லைச் சோதிக்கப்போகிறவன் நீ. உன் உடம்பை அவன் கையில் கொடுக்கலாமா?"

"உன்னை யாரும் தேய்க்கவில்லையே என்று உனக்கு வயிற்றெரிச்சல்" என்றது மூலக்கல்.

புளியும் செங்கல்பொடியும் போட்டு மூன்று வருஷம் தேய்த்தான் அந்த ஆள். கல் பளபளத்தது. பொடியோடு சேர்ந்து பித்தளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து போனது. மகுடபதி வருஷா வருஷம் தன் இரும்புக்கல்லை அதன் அளவுக்கே அரத்தால் ராவி, முத்திரையும் வாங்கிக்கொண்டார்.

அப்புறம் மாராயி வந்தாள். பாலம் கட்டும் வேலையில் பத்துப் பெண்கள் சேர்ந்து பொங்கித் தின்றார்கள். மண்டியில் அரிசி வாங்கி வருவது அவள் பொறுப்பு.

"வாரா வாரம் அரிசி முன்னாடியே தீந்துபோவுது சாமி. நான்தான் எடுத்து வித்துட்டேன்னு பேசுறாளுவ. அந்தக் கடைக்கல்லைக் கொஞ்சம் பாருங்க. என் பேரே கெட்டுப்போச்சு."

தேவசகாயம் அவளை நம்பினார். மண்டிக்கல்லை வரவழைத்து, எதிர்த்தட்டில் மூலக்கல்லை வைத்தார்.

மூலக்கல் பதறிப்போயிற்று. "தராசே, என் பக்கம் கொஞ்சம் இறங்கிக் கொடு. பாவம், அவள் திருடியில்லை."

"இருப்பதைத்தான் நான் காட்ட முடியும்" என்றது தராசு. "நீ முழுசாக இருந்திருந்தால் நானே அவளுக்குச் சாட்சி சொல்லியிருப்பேன்."

முள் நட்டநடுவில் நின்றது.

"சரியாத்தானேம்மா இருக்கு" என்றார் தேவசகாயம். அவருக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது.

மாராயி முள்ளையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்படின்னா களவாணி நான்தானா சாமி?"

போய்க் கேட்க அந்த ஊரில் வேறு கிலோ இல்லை.