பெருச்சாளியின் ஐந்து வளைகள்

ஏரிக்கரைக் காட்டில் தொப்பையப்பன் என்றொரு பெருச்சாளி இருந்தது. வளை தோண்டுவதில் அதை அடிக்க ஆளில்லை! ஐந்து வளை தோண்டியது. குடியிருந்ததோ ஒன்றில்தான். எவனாவது நுழைந்துவிடுவானோ என்று மற்ற நான்கின் வாயையும் சேற்றால் அடைத்துவிட்டது. மகா கஞ்சப்பயல்!

அந்த வருஷம் அக்கம்பக்கத்துக் காடெல்லாம் காய்ந்துபோனது. பிராணிகள் ஏரிக்கரையில் வந்து குவிந்தன. கால் வைக்க இடமில்லை.

மரங்கொத்தி ஒரு வழி சொன்னது. "சும்மா கிடக்கிற வளையை இடமில்லாதவங்களுக்குக் கொடுங்க! குடிவர்றவங்க அதைச் சுத்தமா வெச்சுக்கணும். பக்கத்து மரத்துல நான் ஒரு தட்டு தட்டினா வளை காலி. ரெண்டு தட்டினா ஆள் இருக்கு!"

"நல்லா இருக்கே கதை! நகம் தேயத் தோண்டினது நான், வந்து படுக்கிறது ஊரா?" என்று சீறியது தொப்பையப்பன்.

பெண்டாட்டி விடவில்லை. "அஞ்சுலயும் நீங்களா படுத்துப் புரளப் போறீங்க? மேட்டு வளையையாவது அந்தப் பிள்ளைத்தாச்சி முயலுக்குக் கொடுங்க!"

வேண்டா வெறுப்பாகக் கொடுத்தது. அதற்கும் ஒரு வாரம் முணுமுணுத்தது.

ஐப்பசியில் ஒரு நாள் மத்தியானம் பேய்மழை பிடித்தது. தொப்பையப்பன் வளைக்குள் தண்ணீர் புகுந்தது. உள்ளே கண் திறக்காத இரண்டு குட்டிகள்! புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொன்றாகக் கவ்விக்கொண்டு ஓடினார்கள்.

வாயை அடைத்த சேற்றைப் பறித்துப் பார்த்தால், இரண்டாவது வளையின் கூரை இடிந்து கிடந்தது. மூன்றாவதில் வேர் மண்டியிருந்தது. நான்காவதில் கழுத்தளவு தண்ணீர்! ஆள் புழங்காத வளை வேறெப்படி இருக்கும்? தொப்பையப்பன் குட்டியைக் கவ்வியபடி மழையில் அங்குமிங்கும் ஓடியது.

"மேட்டு வளைக்கு ஓடு!" என்று கத்தியது மரங்கொத்தி.

எந்த முகத்தோடு போவது? ஆனாலும் போனது. வாசலிலேயே முயல் நின்றது.

"அண்ணே, வாங்க வாங்க! அண்ணி, குட்டியை இப்படிக் கொடுங்க!"

உள்ளே சொட்டு ஈரமில்லை. வேரை வெட்டி, மழைத்தண்ணீர் வடிய வாய்க்கால் கீறி, காய்ந்த புல் பரப்பியிருந்தது முயல். குட்டிகள் முயல்குட்டிகளோடு ஒட்டிப் படுத்து, கீச்கீச்சென்று பால் கேட்டன. அப்பாடா! தொப்பையப்பனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

"இது நான் தோண்டின வளைதானா? அடையாளமே தெரியலையே, தங்கச்சி!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டது.

மழை விட்டதும் இரை தேடக்கூடப் போகவில்லை. இடமில்லாத கீரிகளையும் உடும்புகளையும் கூட்டிக்கொண்டு, பாழடைந்த மூன்று வளைகளையும் தோண்டிச் சீராக்கி அவர்களையே குடிவைத்தது.

பூட்டி வைத்தது பாழாகும். பகிர்ந்து கொடுத்ததே ஊரையும் காக்கும், உடையவனையும் காக்கும்.