மச்சினன் கொடுத்த கைத்துப்பாக்கி

சிவசைலம் முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். தூங்குகிறவன் நிஜமாகத்தான் தூங்குகிறானா என்று பார்த்துப் பார்த்தே தலை நரைத்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பார்வை மட்டும் போகவில்லை. பழைய ஆயுதங்களைச் சேர்க்க ஆசைப்பட்டு, மேலப்பாளையத்தில் ஜமீலாவிடம் பாடம் கேட்க வந்து சேர்ந்தார்.

ஜமீலாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. ஜமீன் வீட்டுக்காரர்களும் அருங்காட்சியகத்துக்காரர்களும் பழைய வாளோ துப்பாக்கியோ கிடைத்தால் அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். அவள் எழுதிக் கொடுத்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. சிவசைலம் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

அன்று காலை ஒரு துணிப் பொட்டலத்தோடு வந்தவர், செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டார்.

"டீச்சர், இது போலின்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

"யாருக்கு?"

"என் மச்சினன் முத்துநாயகத்துக்கு. இத அவன் மூஞ்சியில விட்டெறிஞ்சிட்டு வந்திருதேன். அதுக்குப் பொறவு அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு முழத்துக்கும் குறைவான கைத்துப்பாக்கி. இந்த மாதிரித் துப்பாக்கியில் சிக்கிமுக்கிக் கல்லைக் கவ்விக்கொண்டு நிற்கும் குதிரை வலப்பக்கம்தான் இருக்கும். இதற்கு இடப்பக்கம் இருந்தது.

ஜமீலா நாற்காலியை நகர்த்திப் போட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தாள். எதற்கு நகர்கிறாள்? சிவசைலத்துக்கு அதுவும் உறுத்தியது. பொருள் பிடித்துவிட்டதோ? போலி என்று சொல்லி இவளே அமுக்கப் பார்ப்பாளோ?

"எவ்வளவுக்கு வாங்குனீங்க?"

"சும்மா குடுத்தான்."

"சும்மாவா?"

"அதான் டீச்சர்! சோழியன் குடுமி சும்மா ஆடுமா? பரண ஒதுங்க வைக்கும்போது கெடச்சுதாம். 'அத்தான், உங்களுக்குத்தான் இதெல்லாம் பிடிக்கும், வச்சுக்கிடுங்க'ங்கான். பூர்வீக வீட்டுல அவன் அக்காவுக்கும் பங்கு இருக்கு. நாளைக்குக் கையெழுத்து கேட்டு வருவான், பாத்துக்கிட்டே இருங்க."

தானமாகக் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சிவசைலம் பத்து நாளாகப் பல்லைப் பிடித்து, குளம்பைத் தட்டி, வாலையும் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"என்னென்ன பாத்தீங்க, அண்ணாச்சி?"

"ஒண்ணையும் விடல. திருகாணி பூராவும் பூதக்கண்ணாடி வச்சுப் பாத்தேன். கட்டைய மோந்து பாத்தேன். டார்ச் அடிச்சுக் குழலுக்குள்ள கண்ண வச்சுப் பாத்தேன். குதிர எடப்பக்கம் இருக்கு, அதுவே தப்பு. பொறவு இந்த அழுக்கு. குழலுக்குள்ள தீ போற ஓட்டைகூட அடைச்சுக் கெடக்கு. பழசு மாதிரி தெரியட்டும்னு களிமண்ணப் பூசியிருக்கான். ஊசியால குத்தி எடுக்கணும்னு இருக்கேன்."

"விசை வேலை செய்யுதா?"

"செய்யாம என்ன? பதினைஞ்சு தடவ இழுத்துப் பாத்தேன். பொறி பறக்கு. நெசமாவே பழசுன்னா இப்படிப் பறக்குமா? அதுலயும் எனக்குச் சந்தேகம்தான்."

ஜமீலா துப்பாக்கியை எடுத்து, அதன் வாய் வெறும் சுவரைப் பார்க்கும்படி வைத்தாள். ஒரு பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டாள். கம்பி முட்டி நின்றதும், குழல் வாயை ஒட்டி அதில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். பிறகு கம்பியை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல் வாயில் பொருந்தும்படி குழலுக்கு மேலேயே நீளவாக்கில் வைத்தாள்.

"கம்பி எது வரைக்கும் போயிருக்கணும்?"

"அந்தத் தீ ஓட்டை வரைக்கும்."

"போயிருக்கா?"

சிவசைலம் குனிந்து பார்த்தார். கம்பியின் நுனி ஓட்டைக்கு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றிருந்தது.

"உள்ளயும் களிமண்ண அடைச்சிருக்கான், பாத்தீங்களா!"

ஜமீலா குழலுக்குள் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு ஊற வைத்தாள். நுனியில் திருகு வைத்த இன்னொரு கம்பியை விட்டு மெல்லத் திருகினாள். அரை மணி நேரம் ஆயிற்று. முதலில் தேங்காய் நார் வந்தது. அதன் பின்னால் கோலிக்குண்டைவிடச் சிறியதாக ஓர் ஈயக் குண்டு வந்தது. கடைசியில் கறுப்பாக ஏதோ தட்டில் உதிர்ந்தது.

ஈரம் படாத ஒரு சிட்டிகையை எடுத்துக்கொண்டுபோய் முற்றத்துக் கல்மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டினாள். பளீரென்று எரிந்து புகை கிளம்பியது.

சிவசைலம் சுவரைப் பிடித்துக்கொண்டார். முதலில் முகம் வெளிறியது. பிறகு சிவந்தது.

"வெடிமருந்து கெட்டிச்ச துப்பாக்கி! டீச்சர், என்னக் கொல்லத்தான் குடுத்திருக்கான்!"

"இத கெட்டிச்சு நூத்தம்பது வருஷத்துக்கு மேல இருக்கும். நார் தொட்டா உதிருது, பாருங்க. போலி செய்யுறவன் மருந்து கெட்டிக்க மாட்டான். இடதுகைக்காரன் ஒருத்தனுக்குச் செஞ்சது, அதான் குதிரை இந்தப் பக்கம் இருக்கு. இப்படி ஒண்ணு கெடைக்கது அபூர்வம். உங்க மச்சினர் நல்ல பொருளத்தான் குடுத்திருக்கார்."

"உள்ள மருந்து இருக்குன்னு அவனுக்குத் தெரியாதாக்கும்?"

"உங்களுக்குத் தெரிஞ்சுதா?"

அவர் தட்டில் கிடந்த ஈயக் குண்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"ஓட்டை அடைச்சுக் கெடந்ததால தீ உள்ள போகல," என்றாள் ஜமீலா. "விசைய எங்க உக்காந்து இழுத்தீங்க?"

"வீட்டுலதான். அடுக்களை வாசல்ல. அங்கதான் வெளிச்சம் நல்லா இருக்கும்."

"துப்பாக்கி வாய் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சு?"

"உள்பக்கம்."

"உள்ள யாரு இருந்தா?"

உள்ளே அவர் மனைவி கோமதி அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என் தம்பி அப்படிப்பட்டவன் இல்லை என்று நிமிர்ந்து நிமிர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் சொல்லும்போதெல்லாம் பதிலுக்கு இவர் விசையை இழுத்தார்.

சிவசைலம் தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது, அதைவிட வெட்கம் வந்தது. ஜமீலா அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு ஒரு தாளை எடுத்து எழுதி, பேனாவோடு அவர் பக்கம் நீட்டினாள்.

"அசல்னு எழுதியிருக்கேன். மதிப்பு எழுதுற எடத்த மட்டும் விட்டிருக்கேன். அத நீங்க எழுதுங்க."

"நானா? எனக்கு என்ன தெரியும் டீச்சர்? எத வச்சு மதிப்புப் போடுவேன்?"

"பதினைஞ்சு தடவ இழுத்தும் வெடிக்கலையே, அண்ணாச்சி. அத வச்சுப் போடுங்க."