கருப்பட்டியோடு உள்ளே போன உப்பு

ரொம்ப காலத்துக்கு முன்னே, உப்பளங்கள் சூழ்ந்த கடலோர நாடு ஒன்றை விசயகண்டன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். ஆண்டுவந்தான் என்பதைவிட, காலையில் ஒரு கட்டளை போட்டு மாலையில் அதையே ரத்து செய்துவந்தான் என்று சொல்லலாம். திங்கட்கிழமை எல்லாரும் மீசை வளர்க்க வேண்டும் என்பான். செவ்வாய்க்கிழமை மழிக்கச் சொல்வான்.

அவன் சபையில் உப்பளங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு மந்திரி இருந்தான். பெயர் குட்டியாண்டி. உப்பு அள்ளிப் பிழைத்த குடும்பத்துப் பிள்ளை. வாய் மட்டும் சும்மா இராது. அவன் எதைச் சொன்னாலும் ராஜா சிரித்துவிடுவான். இதைப் பார்த்து வயிறெரிந்தவர் அரண்மனை வைத்தியர் திருமேனிப் பண்டிதர். "உப்பு விற்கிறவனுக்கெல்லாம் சபையில் என்ன பேச்சு?" என்று எப்போதும் புகைவார்.

ராஜாவின் பிறந்தநாள் விருந்தில் முந்தின நாள் வைத்த நண்டுக் குழம்பை யாரோ சுடவைத்துப் பரிமாறிவிட்டார்கள். ராஜா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். பக்கத்தில் உட்கார்ந்த பண்டிதரும் விடவில்லை. மறுநாள் விடிந்ததிலிருந்து ராஜாவின் சிம்மாசனம் கொல்லைப்புறத்துக்கு மாறிவிட்டது. நேரம் ஆக ஆக, எழுந்து போகவும் தெம்பில்லாமல், கண் குழிந்து, உதடு வறண்டு கட்டிலில் கிடந்தான்.

பண்டிதர் நாடி பார்த்தார். "உள்ளே போவதெல்லாம் வெளியே வருகிறது. ஆகவே உள்ளே எதுவும் போகக் கூடாது. சொட்டுத் தண்ணீர்கூட!"

குட்டியாண்டி கட்டிலருகே வந்து, ராஜாவின் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினான். காவலர்கள் வாளை உருவிவிட்டார்கள்.

"மகாராஜாவையே கிள்ளுகிறாயா?" என்று பண்டிதர் அலறினார்.

"கிள்ளின இடத்தைப் பாருங்கள். தோல் மடிந்தபடியே நிற்கிறது. உடம்பில் தண்ணீரும் இல்லை, உப்பும் இல்லை. இன்னும் ஒரு பகல் இப்படியே கிடந்தால் மகாராஜா கருவாடுதான்."

ராஜாவுக்குச் சிரிக்கத் தெம்பில்லை. "நீ என்ன செய்வாய்?" என்று முனகினான்.

"ஒரு செம்பு காய்ச்சி ஆறின தண்ணீர், கொஞ்சம் கருப்பட்டி, ஒரு சிட்டிகை உப்பு."

"காலையில் இரண்டு செம்பு தண்ணீர் குடித்தேனே! வந்த வேகத்தில் போய்விட்டதே."

"வெறும் தண்ணீர் தங்காது, மகாராஜா. போன மழைக்காலத்தில் உப்பளத்தில் இருபது பேருக்குப் பேதி கண்டது. வெறும் தண்ணீர் குடித்தவர்கள் துவண்டார்கள். உப்புத் தண்ணீர் குடித்தவர்களுக்கு இன்னும் மோசம். கருப்பட்டியும் உப்பும் சேர்த்துக் குடித்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். குடலின் உள்சுவர் முழுக்கச் சின்னச் சின்ன வாசல் இருக்க வேண்டும். பேதி கண்டால் தனியாக வரும் உப்புக்குக் கதவு திறப்பதில்லை. இனிப்போடு ஜோடியாக வந்தால் திறக்கிறது. உப்பு உள்ளே போனால் தண்ணீர் பின்னாலேயே ஓடுகிறது."

"குடலுக்குள் வாசலா! நீ போய்ப் பார்த்தாயா?" என்றார் பண்டிதர்.

"வாசலைப் பார்க்கவில்லை. எழுந்து உட்கார்ந்தவர்களைப் பார்த்தேன்."

பண்டிதர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் முகம் வெளிறி, வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினார். குட்டியாண்டிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் திரும்பி வந்ததும் பணிவாகக் கும்பிட்டான்.

"மகாராஜா, பண்டிதருக்கும் அதே நண்டு, அதே ஓட்டம். அவர் வைத்தியம் அவருக்கு. என் வைத்தியம் உங்களுக்கு. பொழுது சாய்வதற்குள் யார் தன் காலால் சபைக்கு நடந்து வருகிறார்களோ, அவர் வைத்தியமே வைத்தியம்."

"அப்படியே ஆகட்டும்!" என்றான் ராஜா. "பண்டிதர் வாயில் சொட்டுத் தண்ணீர் பட்டாலும் தலை போகும். தோற்றால் குட்டியாண்டி தலையும் போகும்."

தன் தலையையும் ராஜா பந்தயத்தில் சேர்ப்பான் என்று குட்டியாண்டி எதிர்பார்க்கவில்லை. மடப்பள்ளிக்குப் போய்க் கருப்பட்டியைக் கரைத்தான். உப்பைப் போட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான். கண்ணீரைவிடக் கரிக்கக் கூடாது; கூடினால் கெடுதல். ராஜாவுக்கு வாய் வாயாகக் கொடுத்தான். முதல் செம்பு வாந்தியாகக் குட்டியாண்டியின் மடியிலேயே வந்தது. சலிக்காமல் இரண்டாவது செம்பை இன்னும் மெதுவாகக் கொடுத்தான். அது தங்கியது. ஓட்டம் உடனே நிற்கவில்லை. ஆனால் மத்தியானத்துக்கு மேல் ராஜாவின் குழிந்த கண் மேலே வந்தது. கிள்ளினால் தோல் உடனே படிந்தது. நாலாவது செம்புக்கு ராஜா தானே கை நீட்டி, "கருப்பட்டி போதவில்லை, கஞ்சனே!" என்று திட்டினான். அப்போதுதான் குட்டியாண்டிக்கு மூச்சு வந்தது.

பொழுது சாய, ராஜா குட்டியாண்டியின் தோளைக்கூடப் பிடிக்காமல் சபைக்கு நடந்தான். பண்டிதரைக் காணோம். காவலர்கள் தேடிப் போய், மடப்பள்ளியிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கையில் குட்டியாண்டியின் செம்பு. மீசையெல்லாம் கருப்பட்டித் தண்ணீர்.

"என்ன அது, பண்டிதரே?" என்றான் ராஜா.

"வா... வாய் கொப்பளித்தேன், மகாராஜா."

"கொப்பளித்ததைத் துப்பவில்லையா?"

"இனிப்பாக இருந்தது..." என்றார் பண்டிதர். சபையே விழுந்து விழுந்து சிரித்தது.

ராஜா வாளைக் கேட்டான். குட்டியாண்டி குறுக்கே வந்து நின்றான். "தலையை வெட்டினால் குடித்தது வீணாகிவிடும், மகாராஜா. எனக்குப் பரிசு தருவதானால் அந்தத் தலையைத் தாருங்கள். ஊர் ஊராகப் போய் இதைச் சொல்ல ஒரு வாய் வேண்டும்."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டான். பண்டிதர், தண்டோராக்காரனோடு ஊர் ஊராகப் போய்க் கருப்பட்டி நீர் கலக்கிக் காட்ட வேண்டும் என்பது கட்டளை. அதிசயமாக, மறுநாளும் ராஜா அதை மாற்றவில்லை.

மூன்றாவது ஊரில், பேதியில் துவண்ட ஒரு குழந்தை பண்டிதர் கலக்கிக் கொடுத்ததைக் குடித்துவிட்டு, மெல்லக் கண் திறந்து அழுதது. தாய் அவர் காலில் விழுந்தாள். "சாமி, நீங்கள்தான் தெய்வம்!"

பண்டிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னால், வேடிக்கை பார்க்க வந்த குட்டியாண்டி நின்றிருந்தான்.

"என் வைத்தியம் இல்லை, தாயே," என்று முணுமுணுத்தார். "உப்பு மந்திரி சொன்னது."

"பண்டிதரே," என்றான் குட்டியாண்டி, "எனக்குக் காது கொஞ்சம் மந்தம்."

பண்டிதர் தண்டோராக்காரனிடமிருந்து பறையைப் பிடுங்கி, தானே ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, ஊர் முழுக்கக் கேட்கக் கத்தினார்: "உப்பு மந்திரி சொன்னது!"