ஐந்தாம் போர்ட்டும் ஆறாம் போர்ட்டும்

ஆத்தூர்ப் பக்கத்தில் ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலை ஒன்றில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குரு செண்பகவல்லிக்கு இருபத்தெட்டு வயது. சீடர் நல்லதம்பிக்கு ஐம்பத்திரண்டு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், ஆலையிலும் எல்லோரும் சிரிக்கத்தான் செய்தார்கள்.

நல்லதம்பி அங்கே முப்பது வருஷமாக ஒயர்மேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வரும் டிராக்டர்களை நிறுக்கும் எடைமேடையிலிருந்து ஆபீஸ் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போகும். அதை எலி கடித்தாலும் சரி, சக்கரம் அறுத்தாலும் சரி, அவர்தான் ஒட்டுப் போடுவார். முதலாளிக்கு அது சலித்துவிட்டது. இனி கேபிளே வேண்டாம், புளூடூத்தில் எடை வரட்டும் என்று மேடையோரத்தில் ஒரு புளூடூத் பெட்டியை வாங்கி வைத்தார். அதை இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் ஓட்டிக் காட்டினால் எடைமேடை நல்லதம்பியின் பொறுப்பு. இல்லாவிட்டால் நாளை முதல் அவர் கேட்டில் வாட்ச்மேன். காக்கிச் சட்டைக்கு அளவுகூட எடுத்தாகிவிட்டது.

ஆபீஸில் வேலை பார்த்த செண்பகவல்லிதான் அவருக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தாள். எடை எழுதும் புரோகிராம் ரொம்பப் பழசு, அதற்குத் தெரிந்ததெல்லாம் கேபிள் செருகும் போர்ட் ஒன்றுதான். அதனால் இல்லாத கேபிளை இருப்பதாகக் காட்டும் ஒரு போர்ட்டைக் கம்ப்யூட்டரில் உண்டாக்கச் சொல்லியிருந்தாள். அவரும் அப்படியே செய்தார். ஒன்றுக்கு இரண்டாக வந்து நின்றன. ஐந்தாம் போர்ட் உள்ளே வருவதற்கு, ஆறாம் போர்ட் வெளியே போவதற்கு என்று போட்டிருந்தது.

எடை உள்ளேதானே வர வேண்டும்? ஐந்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பத்து மணி ஆயிற்று, பதினொன்று ஆயிற்று. திரையில் வெறும் சைபர். மேடைமேல் ஒரு டிராக்டர், அதன் பின்னால் எட்டு. டிரைவர்கள் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள்.

"பெட்டியில லைட் எரியுது. போர்ட்டும் திறந்திருக்கு. ஏன் டீச்சர் எடை வரல?"

"அந்தப் புளியமரத்தடியில நின்னு சொல்றேங்கண்ணா," என்று அவள் எழுந்து போய்விட்டாள்.

போனவள் போய் நின்றாள். ஜன்னல் வழியாக இவரைப் பார்த்தாள். இவரும் அவளைப் பார்த்தார். இதோ சொல்வாள், அதோ சொல்வாள் என்று கால் மணி நேரம் போயிற்று. போகிற உயிர் இங்கே போகிறது, இவளுக்கு விளையாட்டா? நல்லதம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஜன்னலில் முகத்தை வைத்துக் கத்தினார்.

"சொல்றேன்னுட்டுப் போனீங்களே டீச்சர்?"

"கேட்டாச் சொல்லலாம்னுதாங்கண்ணா நின்னுட்டிருந்தேன்," என்றாள் அவள் உடனே. "அந்தப் பெட்டியும் அதுக்குத்தான் நிக்குது."

நல்லதம்பிக்குச் சுரீரென்றது. பெட்டி கூப்பிடட்டும் என்று இவர் இருந்தார், இவர் கூப்பிடட்டும் என்று பெட்டி இருந்தது. ஓடிவந்து, வெளியே போய்க் கூப்பிடும் ஆறாம் போர்ட்டைத் தேர்ந்தெடுத்தார். மேடையோரத்துப் பெட்டியில் விட்டுவிட்டு மினுக்கிக்கொண்டிருந்த நீல விளக்கு நின்று எரிந்தது. திரையில் சைபர் போய் எடை வந்தது.

நாலாயிரத்து முன்னூற்று எண்பது கிலோ என்று அவர் வாசலில் நின்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். டிரைவர்கள் விசில் அடித்தார்கள். ஒன்பது டிராக்டரும் ஏறி இறங்கின, ஒன்பது எடையும் ஒன்று விடாமல் வந்து விழுந்தன. பன்னிரண்டுக்கு இன்னும் பத்து நிமிஷம் இருந்தது. முதலாளியே வந்து பார்த்துவிட்டு, கேட்டுக்கு வேறு ஆள் தேடச் சொல்லிப் போனார். சிரித்தவர்களெல்லாம் எப்படிச் செய்தீர்கள் என்று சுற்றி நின்று கேட்டார்கள். நல்லதம்பிக்குக் கால் தரையில் பாவவில்லை. அப்படி ஒரு சந்தோஷம்.

கூட்டம் கலைந்ததும் தன் கையாலேயே குருவுக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றே ஒன்றுதான் அவருக்கு உறுத்திக்கொண்டிருந்தது.

"அஞ்சாம் போர்ட் ஒரு தப்புகூடக் காட்டலையே டீச்சர். காட்டியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேனே."

செண்பகவல்லி டீயை ஊதிக் குடித்தாள்.

"கூப்பிடறவங்களுக்குத்தாங்கண்ணா தப்பு வரும். காத்துக்கிட்டே இருக்கறவங்களுக்குத் தப்பும் வராது, எடையும் வராது."